பழைய வீட்டுக்கு எத்தனை கிலோவாட்?

சித்திரை மாதத்து இரவு. மணி பத்தரை. தெருவில் ஓர் இலை அசையவில்லை. திடீரென்று கோடி வீட்டிலிருந்து கோயில் முனை வரை விளக்குகள் எல்லாம் அணைகின்றன. திண்ணையில் விசிறிமட்டையோடு வந்து உட்கார்ந்தவர்கள், "மறுபடியும் டிரான்ஸ்பார்மரில் பீஸ் போய்விட்டது" என்கிறார்கள். மின்சார வாரியத்துக்கு நல்ல திட்டு விழுகிறது. அரை மணி நேரத்தில் ஊழியர் ஒருவர் வந்து பீஸ் போட்டுவிட்டுப் போகிறார். விளக்கு வருகிறது. கால் மணி நேரம் கழித்து மீண்டும் போகிறது.

குற்றம் யாருடையது? வாரியத்துடையது என்று சொல்வது சுலபம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் அந்தத் தெருவின் வீடுகளுக்குள்ளே எட்டிப் பார்த்தால் கதையின் மறுபாதி தெரியும். அறுபது வருஷங்களுக்கு முன் ஆறு விளக்குக்கும் இரண்டு விசிறிக்கும் என்று மின்சாரம் வாங்கிய வீடு அது. இன்று அதே வீட்டில் இரண்டு ஏ.சி. ஓடுகிறது. குளியலறையில் ஹீட்டர்; அடுப்படியில் மின்சார அடுப்பு. வாரியத்தின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் அது இன்னும் பழைய வீடுதான்.

2024-ஆம் ஆண்டு கோடையில் தமிழ்நாட்டின் மின்தேவை அதுவரை காணாத உயரத்துக்குப் போயிற்று. அவ்வருஷம் மே 2-ந் தேதி அது 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதே மாதம் 30-ந் தேதி இந்தியா முழுவதற்குமான தேவை ஏறக்குறைய 2,50,000 மெகாவாட். மின்சார நிலையங்கள் இந்தத் தேவையை எப்படியோ சமாளித்துவிட்டன. சமாளிக்க முடியாமல் தவித்தவை தெருமுனை டிரான்ஸ்பார்மரும், வீட்டுச் சுவருக்குள் கிடக்கும் கம்பியும்தான்.

அன்று போட்ட கணக்கு

சென்னை மாகாணத்தில் சர்க்காருக்கென்று தனி மின்சார இலாகா ஏற்பட்டது 1927-ல். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. மேட்டூர் 1937-லும் பாபநாசம் 1944-லும் சேர்ந்துகொண்டன. 1957 ஜூலை 1-ந் தேதி மின்சார வாரியம் பிறந்தது. அதன் பிறகுதான் ஊர் ஊராகக் கம்பங்கள் நட்டு, தெருத் தெருவாகக் கம்பி இழுக்கும் வேலை மும்முரமாயிற்று. (2010-ல் வாரியம் பிரிக்கப்பட்டது. 2024-ல் மின்விநியோகம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்ற பெயருக்கு மாறியது. மக்கள் வாயில் அது இன்னும் 'ஈ.பி.'தான்.)

அந்தக் காலத்தில் மின்சாரம் இழுத்த ஒரு வீட்டின் தேவை என்ன? 60 வாட் குண்டு பல்பு ஆறு, 360 வாட். விசிறி இரண்டு, 160 வாட். கூடத்து அலமாரியின் மேல் ஒரு ரேடியோ. அதற்கு 50 வாட் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 570 வாட். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். 570-ஐ 230-ஆல் வகுத்தால் கிடைப்பது இரண்டரை ஆம்பியர். வீடு முழுவதும் ஒரே சமயத்தில் ஜெகஜோதியாக எரிந்தாலும் கம்பியில் ஓடுவது அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்கு வயரிங் செய்தவர் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. அன்றைய தேவைக்கு இரண்டு மடங்கு தாங்கும் கம்பியைத்தான் போட்டார். ரப்பர் உறை போட்ட செம்புக் கம்பி. அதைச் சுவரின் மேல் மரச் சட்டத்துக்குள்ளோ, ரீப்பரின் மேல் தகரக் கிளிப்பு அடித்தோ கொண்டுபோனார். 1960-களின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னும் செம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பல வீடுகளில் அலுமினியக் கம்பி ஏறிற்று. பிளக் பெரும்பாலும் இரண்டு துளை உள்ளது. எர்த் கம்பி பல வீடுகளில் கிடையவே கிடையாது. ரேடியோவுக்கு எர்த் எதற்கு?

பிறகு காலம் மாறிற்று. டெலிவிஷன் வந்தது, அதற்காக ஒரு பிளக். மிக்ஸி, ஐஸ் பெட்டி, சலவை இயந்திரம் என்று ஒவ்வொன்றும் பழைய கம்பியிலிருந்து ஒரு கிளை பிரித்துக்கொண்டது. வீட்டில் புதுச் சாமான் வந்தால் குங்குமம் இடுகிறோம், கம்பியைப் பார்ப்பதில்லை.

யூனிட் வேறு, கிலோவாட் வேறு

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. மின்கட்டண ரசீதில் இருப்பது யூனிட். விண்ணப்பத்தில் கேட்பது கிலோவாட். இரண்டும் ஒன்றல்ல.

தொட்டியில் நிரம்பிய தண்ணீர் எவ்வளவு என்று அளப்பது யூனிட். அந்தத் தண்ணீர் எவ்வளவு வேகமாகக் குழாயில் வந்தது என்று அளப்பது கிலோவாட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 10 வாட் விளக்கு நூறு மணி நேரம் எரிந்தாலும் அதே ஒரு யூனிட்தான். செலவு ஒன்றே. ஆனால் இஸ்திரிப் பெட்டி ஓடும்போது கம்பி படுகிற பாடு விளக்குக்கு இல்லை.

இந்த வீடு ஒரே சமயத்தில் இத்தனை கிலோவாட் வரை இழுக்கலாம் என்று வாரியம் ஒப்புக்கொண்ட அளவுக்கு 'அனுமதிக்கப்பட்ட மின்பளு' என்று பெயர். ஒவ்வொரு மின் இணைப்புக்கும் இந்த அளவு வாரியத்தின் கணக்கில் பதிவாகி இருக்கும். எத்தனை என்று தெரியாவிட்டால் இணைப்பு எண்ணைச் சொல்லி மின்வாரிய அலுவலகத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். பழைய வீடுகளில் அது ஒரு கிலோவாட்டாகவோ அதற்கும் குறைவாகவோ இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மின்பளுவைக் கூட்டினால் கட்டணம் கூடிவிடும் என்ற பயம்தான் பலரை அலுவலகப் படியேற விடாமல் தடுக்கிறது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இந்தப் பயத்துக்கு இன்று ஆதாரம் இல்லை. வீடுகளுக்கான நிலைக்கட்டணம் 2022 செப்டம்பர் கட்டண மாற்றத்தின்போதே நீக்கப்பட்டது. ஒருமுனை இணைப்பானாலும் மும்முனை இணைப்பானாலும் வீட்டுக்கு யூனிட் விலை ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற 2016-ஆம் ஆண்டுச் சலுகையும் போவதில்லை. கர்நாடகத்திலும் டில்லியிலும் நிலை வேறு. அங்கே கிலோவாட் கணக்கில் மாதா மாதம் நிலைக்கட்டணம் உண்டு. ஆகையால் அங்கே குடியிருக்கும் தமிழர்கள் வேண்டாத கிலோவாட்டை வாங்கி வைத்துக்கொண்டால் பணம் வீண். இங்கே கூடுதல் கிலோவாட்டுக்காக ஒரு முறை கட்ட வேண்டிய வளர்ச்சிக் கட்டணமும் வைப்புத் தொகையும் உண்டு. அது ஒரு முறைச் செலவு.

எல்லாம் ஒன்றாகவா ஓடுகின்றன?

சரி, எத்தனை கிலோவாட் கேட்பது? இங்கேதான் இரண்டு விதமான தவறு நடக்கிறது. ஒருவர், "இதுவரை ஓடவில்லையா?" என்று பழைய அளவோடு நின்றுவிடுகிறார். இன்னொருவர் வீட்டிலுள்ள சாமான்களையெல்லாம் கூட்டி, வந்த தொகையை அப்படியே கேட்கிறார். இரண்டும் சரியல்ல.

மதுரையிலோ கும்பகோணத்திலோ உள்ள நடுத்தரக் குடும்பத்துப் பழைய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூடத்தில் ஒன்றரை டன் ஏ.சி., 1,600 வாட். உள்ளறையில் ஒரு டன் ஏ.சி., 1,100. தண்ணீர் ஹீட்டர் 2,000. மின்சார அடுப்பு 2,000. கிணற்றுக்கு ஒரு குதிரைச் சக்தி மோட்டார். அது இழுப்பது ஏறக்குறைய 1,000. இஸ்திரிப் பெட்டி 1,000. மிக்ஸி 750. சலவை இயந்திரம் 500. ஐஸ் பெட்டி 200. மாவரைக்கும் கிரைண்டர் 200. விசிறி ஐந்து, 375. விளக்கு பன்னிரண்டு, 120. டெலிவிஷன் 100. கூட்டினால் 10,945 வாட், அதாவது ஏறக்குறைய 11 கிலோவாட்.

ஆனால் இந்த வீட்டில் உள்ளவர்கள் இட்டிலிக்கு மாவரைத்துக்கொண்டே, இஸ்திரி போட்டுக்கொண்டே, வெந்நீர் வைத்துக்கொண்டே, இரண்டு ஏ.சி.யையும் போட்டுத் தூங்குவார்களா? மாட்டார்கள். ஆகவே பார்க்க வேண்டியது மொத்தக் கூட்டல் அல்ல. ஒரு நாளில் அதிகமாக இழுக்கும் நேரம் எது, அப்போது சேர்ந்து ஓடுபவை எவை என்பதே.

இரவு பத்து மணியைப் பாருங்கள். இரண்டு ஏ.சி.யும் ஓடுகின்றன. ஐஸ் பெட்டி, மூன்று விசிறி, டெலிவிஷன், நாலு விளக்கு. 3,265 வாட். 14 ஆம்பியருக்குச் சற்று மேல்.

காலை ஆறரை மணியைப் பாருங்கள். குளிக்க ஹீட்டர் போட்டாயிற்று. அடுப்படியில் பால் ஏறியிருக்கிறது. சட்னிக்கு மிக்ஸி சுற்றுகிறது. தொட்டி காலி என்று யாரோ மோட்டாரைத் தட்டிவிட்டார்கள். ஐஸ் பெட்டி, இரண்டு விசிறி, ஐந்து விளக்கு. கூட்டினால் 6,150 வாட். கிட்டத்தட்ட 27 ஆம்பியர்!

ஏ.சி.யைத்தான் எல்லாரும் பூதமாக நினைக்கிறார்கள். இந்த வீட்டில் பூதம் கிளம்புவது காலையில், அதுவும் அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவில். இந்தக் கணக்கை வீட்டில் சரியாகச் சொல்லக்கூடியவர் குடும்பத் தலைவியே. எது எப்போது ஓடுகிறது என்று அவருக்குத்தான் தெரியும். விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும் ஆண்கள் அவரைக் கேட்பது அபூர்வம்.

கொஞ்சம் ஒழுங்கு வைத்தால் இந்தக் காலைச் சுமையைக் குறைக்கலாம். அடுப்பு மூட்டும் முன்பே ஹீட்டரை அணைத்துவிட்டு, மோட்டாரைப் பத்து மணிக்குப் போட்டால், அதே காலை 3,150 வாட்டில் முடிந்துவிடும். நான்கு கிலோவாட் தாராளம். ஆனால் தீபாவளிக் காலையிலும், கல்யாணத்துக்கு ஊரிலிருந்து பத்துப் பேர் வந்து இறங்கிய காலையிலும் இந்த ஒழுங்கு நிற்குமா என்பது சந்தேகம். ஒழுங்கை நம்பிக் கம்பி போடக் கூடாது. மின்சார ஸ்கூட்டர் ஒன்று வருமானால் அதன் சார்ஜர் 500 முதல் 1,000 வாட் வரை கேட்கும். மின்சாரக் கார் என்றால் வீட்டுச் சார்ஜருக்கு 3,300 வாட் தனியாக வேண்டும். அது இரவெல்லாம் ஓடுகிற சுமை.

ஆகையால் இந்த வீட்டுக்கு ஆறு அல்லது ஏழு கிலோவாட் பொருந்தும். கார் வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் பத்து. இரண்டறை வீட்டில், ஒரு சிறு ஏ.சி., காஸ் அடுப்பு, ஒரு ஹீட்டர் என்று வாழும் குடும்பத்துக்கு மூன்று அல்லது நான்கு போதும். அவர்கள் பக்கத்து வீட்டைப் பார்த்து மும்முனைக்கு ஆசைப்பட வேண்டியதில்லை.

ஒருமுனையா, மும்முனையா?

தமிழ்நாட்டில் நான்கைந்து கிலோவாட்டுக்கு மேல் போனால் மும்முனை இணைப்பு தேவைப்படும். கம்பத்திலிருந்து ஒரு மின்கம்பிக்குப் பதில் மூன்று வருகின்றன. கூடவே ஒரு நியூட்ரல். சுமையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் சௌகரியம்.

பிரிப்பதில் சாமர்த்தியம் இருக்கிறது. மேலே சொன்ன வீட்டில் காலையில் ஓடும் ஹீட்டரையும், இரவில் ஓடும் பெரிய ஏ.சி.யையும் ஒரே முனையில் வைக்கலாம், இரண்டும் சந்திப்பதில்லை. மின்சார அடுப்பு, மிக்ஸி, சிறிய ஏ.சி. இரண்டாவதில். மோட்டார், ஐஸ் பெட்டி, விளக்கு, விசிறி மூன்றாவதில். இப்படிச் செய்தால் எந்த முனையிலும் 12 ஆம்பியருக்கு மேல் ஏறாது. இதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே முனையில் கோத்து, மற்ற இரண்டில் இரண்டு விளக்கை மாட்டி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. இன்னும் சிலர் ஒரு முனையில் மின்சாரம் மங்கினால், மாற்றுச் சுவிட்சைத் திருப்பி வீடு முழுவதையும் இன்னொரு முனைக்குத் தள்ளிவிடுகிறார்கள். தெருவே அப்படிச் செய்தால் என்ன ஆகும்? அந்த முனையும் மங்கும்.

மும்முனையில் ஓர் அபாயமும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்துவிட்டால், 230 வோல்ட்டுக்கென்று செய்த சாமான்களின் மேல் 400 வோல்ட் வரை பாயக்கூடும். டெலிவிஷனும் ஐஸ் பெட்டியும் ஒரே நொடியில் போய்விடும். ஆகவே மும்முனை வாங்கும் வீடுகளில் நியூட்ரல் இணைப்பு நன்றாக இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், அழுத்தம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் கருவி ஒன்றை மாட்டுவதும் அவசியம்.

மதகும் வாய்க்காலும்

இனி முக்கியமான விஷயத்துக்கு வரலாம். வாரியத்தில் பணம் கட்டி ஏழு கிலோவாட் வாங்கியாயிற்று. புது மீட்டர் மாட்டிவிட்டார்கள். இனிக் கவலை இல்லை என்று நினைக்கிறார் வீட்டுக்காரர். உண்மையில் ஆபத்து அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

மீட்டர் வரை உள்ளது வாரியத்தின் பொறுப்பு. அதற்குப் பின்னால் உள்ள கம்பி வீட்டுக்காரருடையது. மதகை அகலமாக்கிவிட்டு வாய்க்காலைப் பழையபடியே விட்டால் கரை உடையும் என்பது விவசாயிக்குத் தெரியும். மின்சாரத்தில் உடைவது கரை அல்ல. சூடு ஏறிக் கம்பியின் உறை கருகுகிறது. அந்தச் சூடு ஏறும் விதம் விசித்திரமானது. கம்பியில் ஓடும் ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு! ஐந்து ஆம்பியருக்குப் போட்ட கம்பியில் 15 ஆம்பியர் ஓடினால், "மூன்று மடங்குதானே, தாங்கும்" என்று எண்ணுவது இதனால்தான் தவறு.

பழைய ரப்பர் உறை இருபத்தைந்து முப்பது வருஷத்தில் காய்ந்து, வளைத்தால் அப்பளம் போல் நொறுங்கும். அலுமினியக் கம்பி சூட்டில் நீண்டு சுருங்கி, முடுக்கிய இடத்தில் தளர்ந்துபோகும். அதோடு செம்புக் கம்பியை நேரே முறுக்கி இணைத்தால் இணைப்பு அரித்துவிடும். பழைய வீடுகளில் தீ பிறக்கும் இடம் பெரும்பாலும் இந்த மாதிரித் தளர்ந்த இணைப்புதான். நடுக்கம்பியில் அது தொடங்குவதில்லை.

இதற்குக் காவலாக வைத்த பீஸையும் நாம் விட்டு வைக்கவில்லை. "அடிக்கடி போகிறதே" என்று தடித்த கம்பியைச் சுற்றிவிடுகிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. இன்று பீஸ் கட்டைக்குப் பதில் டிரிப்பர் வந்திருக்கிறது. வழக்கம் போகவில்லை. 16 ஆம்பியர் டிரிப்பர் விழுகிறது என்று 32 ஆம்பியர் மாட்டுகிறார்கள். டிரிப்பர் காப்பாற்றுவது ஏ.சி.யை அல்ல, சுவருக்குள் இருக்கும் கம்பியை. கம்பி தாங்கும் அளவுக்கு மேல் டிரிப்பர் போட்டால், கம்பிதான் பீஸாக வேலை செய்யும்!

வீட்டில் இருப்பவர்களே சில அறிகுறிகளைக் கண்டுகொள்ளலாம். சுவிட்ச் பலகை தொட்டால் சுடுகிறதா? பிளக் முனை பழுப்பேறியிருக்கிறதா? பலகைக்குள் 'உஸ்' என்று சத்தம் கேட்கிறதா? மீன் வாடை போலவோ கருகல் போலவோ வந்து வந்து போகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த இடத்தை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிட வேண்டும். மோட்டார் கிளம்பும்போது விளக்கு ஒரு நொடி மங்குவது மட்டும் சாதாரணம். கிளம்பும் கணத்தில் மோட்டார் தன் வழக்கமான அளவைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். மங்கியது மங்கியபடியே நின்றால்தான் கோளாறு.

வீடு முழுவதும் வயரிங் மாற்றக் கையில் பணம் இல்லாதவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. மீட்டர் பலகையிலிருந்து ஏ.சி., ஹீட்டர், மின்சார அடுப்பு ஒவ்வொன்றுக்கும் தனித் தனிப் புதுக் கம்பி. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு, அதற்கேற்ற 20 ஆம்பியர் டிரிப்பர். அடுப்படியில் மற்றப் பெரிய பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர். பழைய கம்பி நல்ல நிலையில் இருந்தால் அதை விளக்குக்கும் விசிறிக்கும் மட்டும் விட்டுவிட்டு, 6 ஆம்பியர் டிரிப்பர் போடலாம். பாரம் இறங்கியதும் அது இன்னும் சில வருஷம் ஓடும். ஆனால் ரப்பர் உறைக் கம்பியாக இருந்தால் இரக்கம் காட்டக் கூடாது. முழுவதும் எடுத்துவிட வேண்டும்.

சுண்ணாம்புச் சுவரையும் மெட்ராஸ் டெரஸ் கூரையையும் வெட்டிக் குழாய் புதைத்தால் சுவர் பெயர்ந்து வரும். வெளியே பிளாஸ்டிக் பட்டையில் கொண்டுபோவதே நல்லது. அழகு கொஞ்சம் குறையும்தான். நம் தாத்தாக்கள் மரப்பட்டையோடு அறுபது வருஷம் வாழவில்லையா?

எர்த்தை மறந்துவிடக் கூடாது. ஹீட்டரும் சலவை இயந்திரமும் ஈரக் கையோடு தொடும் சாமான்கள். கரியும் உப்பும் போட்டு இறக்கிய பழைய எர்த் குழி வறண்டு கிடந்தால் அது இருந்தும் இல்லாததே. அதோடு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்ற சிறு கருவியைக் கட்டாயம் பொருத்த வேண்டும். டிரிப்பர் கம்பியைக் காக்கிறது; இது மனிதரைக் காக்கிறது. இரண்டும் வேண்டும்.

தெருவின் கணக்கு

ஒரு தெருவுக்கு 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். அறுபது வீடுகள். வீட்டுக்கு ஒன்றரை கிலோவாட் ஓடினால் 90 கிலோவாட். தாங்கிவிடும். அதில் முப்பது வீடுகள் சொல்லாமல் கொள்ளாமல் ஒன்றரைக் கிலோவாட் ஏ.சி. ஒன்றை மாட்டினால் இன்னும் 45 சேர்ந்து 135 ஆகிறது. வாரியத்தின் ஏட்டிலோ பழைய தொகையே. ஏட்டைப் பார்த்து டிரான்ஸ்பார்மர் திட்டமிடும் பொறியாளருக்கு இந்த முப்பது ஏ.சி. எப்படித் தெரியும்? மின்சாரம் மங்கியதும், அந்த முப்பது வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு ஸ்டெபிலைசர் வாங்குகிறார்கள். அழுத்தம் குறைந்தால் ஸ்டெபிலைசர் அதை ஈடுகட்ட இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும். தெரு இன்னும் மங்கும். அந்தப் பணத்தில் பாதியை மின்பளு கூட்டுவதற்குக் கட்டியிருக்கலாம். அதே சமயம், பணம் கட்டிப் பதிவு செய்த பிறகும் டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்காமல் வருஷக்கணக்கில் இழுத்தடித்தால், அப்போது வாரியத்தைத் திட்டுவதற்கு மக்களுக்கு முழு உரிமை உண்டு.

இந்தக் கண்ணாமூச்சி அதிக நாள் நடக்காது போலிருக்கிறது. மத்திய சர்க்காரின் 2021-ஆம் ஆண்டுத் திட்டப்படி நாடு முழுவதும் ஸ்மார்ட் மீட்டர்கள் மாட்டப்பட்டு வருகின்றன. ஒரு வீடு அதிகபட்சமாக எத்தனை கிலோவாட் இழுத்தது என்பதை அந்த மீட்டர் தானே குறித்து வைத்துக்கொள்ளும். இதனால் மக்கள் கலங்கியபோது 2023 ஜூனில் விதி திருத்தப்பட்டது. புது மீட்டர் மாட்டும் முன்பு நடந்ததற்கு அபராதம் கூடாது. ஒரு நிதியாண்டில் மூன்று முறையாவது அளவு மீறினால்தான் அனுமதித்த மின்பளுவை உயர்த்தலாம் என்பது திருத்தம். 2024 பிப்ரவரித் திருத்தம் இன்னொரு சலுகை தந்தது. கூரைமேல் 10 கிலோவாட் வரை சூரிய மின் தகடு வைக்க விண்ணப்பித்தால், அதற்குத் தேவையான மின்பளு உயர்வை விநியோக நிறுவனமே செய்து தர வேண்டும். தகடு வைக்கும் எண்ணம் உள்ளவர்கள் இரண்டு வேலையையும் சேர்த்தே யோசிக்கலாம்.

வாடகை வீடுகளில்தான் சிக்கல் அதிகம். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில், ஏ.சி. குடித்தனக்காரருடையது. "நீங்கள் ஏ.சி. மாட்டினால் நான் ஏன் கட்ட வேண்டும்?" என்கிறார் ஒருவர். "உங்கள் வீட்டுக் கம்பிக்கு நான் ஏன் கட்ட வேண்டும்?" என்கிறார் மற்றவர். நடுவில் கம்பி சுடுகிறது. கம்பியும் மின்பளுவும் வீட்டோடு தங்குபவை. குடித்தனக்காரர் பெட்டியில் வைத்து எடுத்துப் போக முடியாது. ஆகவே அந்தச் செலவு வீட்டுக்காரருடையதாக இருப்பதே நியாயம். ஏ.சி. மாட்டும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாட்டுவது குடித்தனக்காரரின் கடமை.

விண்ணப்பத்தை இன்று இணையத்திலேயே போடலாம். முதலில் உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்துக் கம்பியைச் சோதித்து, மாற்ற வேண்டியதை மாற்றிவிட்டு, பிறகு மின்பளுவுக்குப் பணம் கட்டுவதே முறை. மார்கழி, தை மாதங்களில் இந்த வேலையை முடித்துக்கொண்டால் நிதானமாக நடக்கும். பங்குனி பிறந்துவிட்டால் ஏ.சி. மாட்டும் வேலையில் வயர்மேன் கையில் அகப்படமாட்டார்.